வீட்ல எல்லாரும் பாக்கற சாகசப் படம், டீன் ஏஜ் ஃபேண்டஸி புக்: ரிவ்யூ எழுதறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஏழெட்டு வருஷமா ஃபேமிலி அட்வென்ச்சர் படங்களுக்கும் யங் அடல்ட் ஃபேண்டஸி புக்குங்களுக்கும் ரிவ்யூ எழுதிட்டு வரேன். புதுசா எழுத ஆரம்பிக்கறவங்க கேக்கறது, என் ரிவ்யூவைப் படிச்சிட்டு கோவமா கேக்கறது எல்லாம் சேத்தா சுத்திச் சுத்தி ஒரு பதினஞ்சு கேள்விதான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க வார்த்தையிலயே விட்டிருக்கேன்.

அக்கா ஃபேமிலி படம்னா குழந்தைங்க படம்தானே? ஏன் ரெண்டையும் வேற வேறன்னு சொல்றீங்க

குழந்தைங்க படம்னா குழந்தைக்காக மட்டும் எடுத்தது, பெரியவங்க பக்கத்துல உக்காந்து போனை நோண்டிட்டு இருக்கலாம். ஃபேமிலி படம்னா ஆறு வயசும் அறுபது வயசும் ஒரே சோஃபால உக்காந்து, ஆளுக்கொரு காரணத்துக்காக கடைசி வரைக்கும் எந்திரிக்காம பாக்கறது. குட்டிக்கு அந்த துரத்தல் சீன் பிடிச்சிருக்கும், தாத்தாவுக்கு அதுல வர்ற கிழட்டு மாலுமி பேசற ஒரு வசனம் பிடிச்சிருக்கும்.

அந்த ஆளுக்கொரு காரணம் என்னன்னு கண்டுபிடிச்சு எழுதறதுதான் நம்ம வேலையில பாதி. "குழந்தைகள் ரசிப்பார்கள்"னு ஒரு வரி போட்டு முடிக்கறது போஸ்டர்ல வர்ற வாசகம், அதை எழுத படம் பாக்கவே வேணாம்.

யங் அடல்ட்னா கரெக்டா எந்த வயசு? என் பொண்ணுக்கு 10 ஆகுது, நல்லா படிப்பா, கொடுக்கலாமா வேணாமா

பப்ளிஷிங்ல பொதுவா 8-லேர்ந்து 12 வரைக்கும் மிடில் கிரேடு, 12-லேர்ந்து 18 வரைக்கும் யங் அடல்ட்னு வெச்சிருக்காங்க. ஆனா வயசு பாதி கணக்குதான். நான் பாக்கறது கதை எப்படி முடியுதுன்னு. மிடில் கிரேடுல பையன் வெளிய போய் டிராகனோட மல்லுக்கட்டிட்டு வீட்டுக்கு வருவான், வீடு போட்டது போட்டபடி இருக்கும். யங் அடல்ட்ல பெரும்பாலும் அந்த வீடே இருக்காது, இல்ல வீடு இருக்கும், அவளால அங்க பழையபடி இருக்க முடியாது. எல்லாத்துக்கும் இது பொருந்தாது, குத்துமதிப்பா உதவும்.

நல்லா படிப்பான்னு சொல்றீங்க இல்ல, அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. படிக்க முடியறதும் தாங்க முடியறதும் வேற வேற. 2008-ல வந்த 'ஹங்கர் கேம்ஸ்' எடுத்துக்கோங்க, 12-லேர்ந்து 18 வயசுக்குள்ள இருக்கற பசங்களை ஒரு அரங்கத்துல விட்டு ஒருத்தரை ஒருத்தர் கொல்ல வெக்கற கதை. நடை அவ்வளவு எளிமை, பத்து வயசுப் பொண்ணு ரெண்டு நாள்ல முடிச்சிடுவா. முடிச்சிட்டு ராத்திரி உங்க ரூம்ல வந்து படுத்துப்பா. அதனால ரிவ்யூல மொழி எவ்வளவு கஷ்டம்ங்கறதை தனியா எழுதுங்க, விஷயம் எவ்வளவு கனம்ங்கறதை தனியா எழுதுங்க. ரெண்டையும் ஒரே வயசு நம்பருக்குள்ள திணிக்காதீங்க.

படத்துக்கு சென்சார் சர்டிபிகேட் இருக்கு. அதுக்கு மேல நீங்க யாரு வயசு சொல்றதுக்கு?

நியாயமான கேள்வி, கேட்ட விதம்தான் கொஞ்சம் காரம். சர்டிபிகேட் தேவையானதுதான், ஆனா அது காலத்துக்கும் நாட்டுக்கும் ஏத்த மாதிரி மாறும். அமெரிக்காவுல 1968-ல ரேட்டிங் முறை வந்துச்சு, 1984 வரைக்கும் 'பிஜி'க்கும் (பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கோங்கன்னு அர்த்தம்) 'ஆர்'க்கும் (சின்னப் பசங்க பெரியவங்க துணை இல்லாம வரக் கூடாது) நடுவுல ஒண்ணுமே கிடையாது. அந்த வருஷம் இண்டியானா ஜோன்ஸோட ரெண்டாவது படமும் 'கிரெம்லின்ஸ்'ம் பிஜில வந்துச்சு, இண்டியானா ஜோன்ஸ்ல நெஞ்சுக்குள்ள கைய விட்டு இதயத்தைப் பிடுங்கற சீன், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போன பெத்தவங்க கொதிச்சிட்டாங்க. நடுவுல ஒரு ரேட்டிங் வைங்கன்னு அந்தப் படத்தோட டைரக்டர் ஸ்பீல்பெர்க்கே சொல்லி, அதே வருஷம் ஜூலைல பிஜி-13 (13 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க ஜாக்கிரதை) வந்துச்சு. இதுல நமக்கு என்னன்னா, 1984-க்கு முன்னாடி வந்த படத்துல பிஜின்னு பாத்துட்டு நம்பி போட்டுடாதீங்க. சுறா ஆளைக் கடிச்சுத் தின்ற 'ஜாஸ்' 1975-ல பிஜிதான்.

நாட்டுக்கு நாடு வேறங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. மேல சொன்ன 'ஹங்கர் கேம்ஸ்' 2012-ல படமா வந்தப்ப, பிரிட்டன்ல 12ஏ (12 வயசுக்குக் கீழன்னா பெரியவங்க கூட வரணும்) வாங்கறதுக்காக ஏழு செகண்ட் வெட்டினாங்க. இந்தியாவுல 2023 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் யுஏங்கறதையே (பெத்தவங்க வழிகாட்டலோட பாக்கலாம்ங்கற சர்டிபிகேட்) 7, 13, 16 வயசுன்னு மூணா பிரிச்சிட்டாங்க, அதாவது ஒரே யுஏ எல்லாத்துக்கும் பத்தாதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

இதையெல்லாம் விட முக்கியமா, சர்டிபிகேட் ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் எண்ணும், மனசைக் கலக்கறதை எண்ணாது. என் அக்கா பையனுக்கு அப்ப ஆறு வயசு, எல்லாரும் பாக்கலாம்னு சர்டிபிகேட் வாங்கின ஒரு கார்ட்டூன் படத்தை நானும் நல்லாருக்குன்னு எழுதி வெச்சிருந்தேன், அதை நம்பி அக்கா போட்டுக் காட்டினா. படத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்ல, கூட்டத்துல அம்மா கை நழுவிப் போற ஒரே ஒரு சீன்தான். ரெண்டு வாரம் பய அம்மாவை பாத்ரூம் போக விடல. அதுக்கப்புறம்தான் நான் எழுதற விதத்தையே மாத்தினேன்.

ரிவ்யூ போடணும்னா படத்தை எத்தனை தடவ பாக்கணும்? புக்கை கடைசி வரைக்கும் படிச்சே ஆகணுமா?

படம் முடிஞ்சா ரெண்டு தடவ. முதல் தடவ சும்மா பாருங்க, நோட்டு எடுக்காதீங்க. ரெண்டாவது தடவ நிமிஷக் கணக்கோட நோட்டு எடுங்க. பாதில விட்ட புக்குக்கும் எழுதலாம், ஆனா எந்த இடத்துல விட்டேன், ஏன் விட்டேன்னு முதல் வரியிலயே சொல்லிடணும், ஸ்டார் கொடுக்கக் கூடாது.

கதையை எவ்வளவு சொல்லலாம்? கொஞ்சம் சொன்னாலே ஸ்பாய்லர் ஸ்பாய்லர்னு கத்துறாங்க

பெரியவங்க பாக்கற த்ரில்லருக்கு ஒரு வழக்கம் இருக்கு, முதல் கால் பங்கு கதைக்கு மேல வாயைத் திறக்காதே. ஃபேமிலி படத்துக்கு அதை அப்படியே எடுத்துட்டு வந்தா வேலைக்கு ஆகாது, ஏன்னா உங்க ரிவ்யூவைப் படிக்கறவங்க பாதிப் பேர் தனக்காகப் படிக்கல, பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாமான்னு பாக்கப் படிக்கறாங்க. அந்த நாய் செத்துப் போகுமா இல்லையான்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சாகணும். 'தி பிரின்சஸ் பிரைட்' படத்துல இதுக்கு அருமையான சீன் ஒண்ணு இருக்கு. உடம்பு சரியில்லாத பேரனுக்கு தாத்தா கதை படிச்சிட்டு இருப்பாரு, கதாநாயகி தண்ணில விழுந்து ராட்சச விலாங்கு மீன் கிட்ட வரும்போது பேரன் மூஞ்சியைப் பாப்பாரு, படிக்கறதை நிறுத்திட்டு, இப்ப அது அவளைத் தின்னாதுன்னு முன்னாடியே சொல்லிடுவாரு. பேரன் நான் ஒண்ணும் பயப்படலன்னு முறைப்பான். ஸ்பாய்லர்தான், ஆனா அந்த தாத்தாவைத் திட்ட உங்களுக்கு மனசு வருமா?

நான் செய்யறது இது: மேல ஸ்பாய்லர் இல்லாத ரிவ்யூ, கீழ ஒரு கோடு போட்டு "பெத்தவங்களுக்கு மட்டும்"னு ஒரு பகுதி, அதுல சாவு, பிரிவு, பயமுறுத்தற இடம் எல்லாம் பச்சையா சொல்லிடுவேன். டிரெய்லர் படத்தை வேற மாதிரி காட்டி இருந்தா மட்டும் கோட்டுக்கு மேலயே ஒரு எச்சரிக்கை. 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' 2007-ல வந்தப்ப டிரெய்லர் முழுக்க மாய உலகமும் ராட்சச உருவமும்தான். 1978-ல அமெரிக்காவுல குழந்தைங்க புக்குக்குக் கொடுக்கற நியூபெரி மெடல் வாங்கின அந்த மூல புக்கைப் படிச்சவங்களுக்குத் தெரியும் அது வேற மாதிரி கதைன்னு. ஜாலியா ஒரு ஃபேண்டஸின்னு நம்பி கைக்குட்டை இல்லாம போனவங்க நிறைய பேர். அங்க நான் என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், "இது சிரிச்சிட்டு வெளிய வர்ற படம் இல்ல, ஒரு பெரிய இழப்பு இருக்கு"ன்னு மட்டும் சொல்வேன்.

"சில காட்சிகள் பயமாக இருக்கும்"னு எழுதினா பத்தாதா, லிஸ்ட் எல்லாம் போடணுமா

பத்தாது. எந்தக் குழந்தைக்கு எது பயம்னு உங்களுக்குத் தெரியாது, வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஒண்ணுக்கு இருட்டு, இன்னொண்ணுக்கு திடீர்னு வர்ற சத்தம், இன்னொண்ணுக்கு நல்லவரா இருந்தவரு முகம் மாறி கெட்டவரா ஆகறது (இது நிறைய குழந்தைங்களுக்கு ராட்சசனை விட மோசம், ஏன்னா ராட்சசன் முதல்லேர்ந்தே ராட்சசன்தானே). அப்புறம் தண்ணில மூழ்கறது, குறுகலான இடத்துல மாட்டறது, பூச்சி, விலங்குக்கு அடிபடறது, அம்மா அப்பா காணாமப் போறது. என்ன நடக்குது, எவ்வளவு நேரம், உடனே ஒரு ஆறுதல் சீன் வருதா இல்லையான்னு எழுதுங்க. "நாப்பதாவது நிமிஷத்துல குகைக்குள்ள விளக்கு அணையும், ஒரு நிமிஷம் வெறும் மூச்சு சத்தம் மட்டும் கேக்கும், அப்புறம் நண்பன் வந்துடுவான்"னு எழுதினா ஒரு அம்மா அதை வெச்சு முடிவு எடுக்க முடியும்.

மனசு மட்டும் இல்ல, உடம்புக்கும் சம்பந்தம் இருக்கு. 2018-ல 'இன்க்ரெடிபிள்ஸ் 2' வந்தப்ப வில்லன் திரையில வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி வர்ற இடங்கள் இருந்துச்சு, வலிப்பு வர்ற வாய்ப்பு இருக்கறவங்களுக்கு ஆபத்துன்னு தியேட்டர்கள்ல எச்சரிக்கை ஒட்டினாங்க. வெட்டி வெட்டி வர்ற வெளிச்சம் இருந்தா அதை கோட்டுக்கு மேல, முதல் பத்தியிலயே போடுங்க. இதுல ஸ்பாய்லர் பாக்கறதே தப்பு.

ஸ்டார் ரேட்டிங் எப்படி கொடுக்கறது? அரை ஸ்டார் கால் ஸ்டார் எல்லாம் உண்டா

நான் அஞ்சுக்கு கொடுக்கறேன், அரை உண்டு, கால் கிடையாது. குழந்தைங்க படம்தானேன்னு ஒரு ஸ்டார் தர்மம் போடற பழக்கம் மட்டும் வேணாம். அது குழந்தைங்களுக்கு சுமாரா இருந்தா போதும்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

ஃபேண்டஸில போய் லாஜிக் பாக்கறீங்களே சிஸ்டர், மந்திரம்னா மந்திரம்தானே 😄

ஃபேண்டஸிலதான் லாஜிக் அதிகமா பாக்கணும்! நிஜ உலகக் கதைன்னா கல்லு கீழ விழும்னு எல்லாருக்கும் தெரியும், எழுத்தாளர் சொல்ல வேணாம். மாய உலகத்துல கல்லு விழுமா பறக்குமான்னு அவங்கதான் சொல்லணும், சொன்னதுக்கப்புறம் அதை மீறக் கூடாது. பறக்கற கல்லு இருந்தா எனக்கு பிரச்சனையே இல்ல, நூறாவது பக்கம் வரைக்கும் பறக்காத கல்லு ஹீரோ மாட்டிக்கிட்ட உடனே பறந்தா புக்கை மூடிடுவேன்.

நோட்டு எடுக்கும்போது மூணு விஷயம் பாருங்க. மந்திரத்துக்கு விலை என்ன, அதாவது களைப்போ ஞாபக மறதியோ ஆயுசோ ஏதாவது போகுதா. யாரால முடியும் யாரால முடியாது, அது ஏன். அப்புறம் மந்திரம் இருக்கற ஊர்ல மத்ததெல்லாம் எப்படி மாறி இருக்கு, காயத்தை நொடியில ஆத்தற சூனியக்காரி தெருவுக்கு ஒருத்தி இருந்தா அந்த ஊர்ல வைத்தியர் என்ன பண்றாரு? கடைசி கேள்விக்கு பதில் யோசிச்சு வெச்சிருக்கற எழுத்தாளர் நல்ல எழுத்தாளர், இது வரைக்கும் எனக்குத் தப்பினதில்ல. படத்துக்கு இவ்வளவு நேரம் இருக்காது, அதனால படத்துல முதல் விதியை மட்டும் பிடிச்சுக்கிட்டாலே நான் விட்டுடுவேன்.

புக்கு சூப்பர், படம் எடுத்து கெடுத்துட்டாங்கன்னு எழுதினா ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க

கெடுத்துட்டாங்கன்னு எழுதலாம், எதை மாத்தினதால கெட்டுச்சுன்னு சேத்து எழுதணும், அவ்வளவுதான். புக்குல இருந்தது படத்துல இல்லங்கறது வெறும் தகவல். டயானா வின் ஜோன்ஸ் 1986-ல எழுதின 'ஹௌல்ஸ் மூவிங் காசில்'ஐ ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மியாசாகி 2004-ல படமாக்கினாரு. புக்குல ஓரமா இருந்த சண்டை படத்துல நடுவுல வந்து உக்காந்துக்கும், புக்குல கடைசி வரைக்கும் மிரட்டற சூனியக்காரி படத்துல பாதிலயே பாவமான பாட்டியா ஆயிடுவா. ஆனா சாபத்தால கிழவியான பொண்ணுக்கு கிழவியானதால வர்ற தைரியம் ரெண்டுலயும் அப்படியே இருக்கு. எனக்கு ரெண்டும் பிடிக்கும், வேற வேற நாள்ல.

மாத்தி நிஜமாவே உடைஞ்சதுக்கு உதாரணம் 'பெர்சி ஜாக்சன்' முதல் படம், 2010. புக்குல பையனுக்கு 12 வயசு, படத்துல ஹைஸ்கூல் பையனா ஆக்கிட்டாங்க. வயசு தானே, என்ன பெரிய விஷயம்னு தோணும். ஆனா புக் சீரிஸ் முழுக்க தொங்கற முன்னறிவிப்பே அவனுக்கு 16 ஆகும்போது என்ன நடக்கும்ங்கறதுதான், அந்த நாலு வருஷக் காத்திருப்பைத் தூக்கிட்டா கதையோட முதுகெலும்பையே உருவின மாதிரி. 2023 டிசம்பர்ல டிவி சீரிஸா எடுத்தப்ப மறுபடி 12 வயசுக்கே போயிட்டாங்க. எழுதினா இப்படி எழுதுங்க, ஒரு மாத்தம் எங்க போய் இடிக்குதுன்னு. 'பொன்னியின் செல்வன்' மாதிரி அஞ்சு பாகத்தை ரெண்டு படத்துக்குள்ள சுருக்கும்போது என்ன போச்சுன்னு எண்ணறதை விட, மிச்சம் இருக்கறது தனியா நிக்குதா, புக்கே படிக்காத ஒரு பையனுக்குப் புரியுதான்னு பாக்கறது உருப்படியான வேலை.

சீரிஸ்ல முதல் புக் மட்டும்தான் படிச்சேன், ரிவ்யூ போடலாமா? அப்புறம் எந்த ஆர்டர்ல படிக்கச் சொல்லணும்

போடலாம், முதல் புக்குக்கு மட்டும்னு தெளிவா சொல்லிட்டு. வயசு சொல்லும்போதுதான் ஜாக்கிரதை. ஹாரி பாட்டர் 1997-லேர்ந்து 2007 வரைக்கும் பத்து வருஷமா வந்துச்சு, ஹீரோவும் 11-லேர்ந்து 17 வரைக்கும் வளருவான், அப்ப படிச்ச பசங்களும் கூடவே வளந்தாங்க. இப்ப ஒரு ஒன்பது வயசுப் பய ஒரே லீவுல ஏழு புக்கையும் முடிச்சிடறான். முதல் புக் அவனுக்கு ஓகே, அஞ்சாவது புக் வரும்போது அவனுக்கு இன்னும் அதே ஒன்பது வயசுதான். அதனால "சீரிஸ் போகப் போக இருட்டாகும், இந்த புக்குக்கு அப்புறம் கொஞ்சம் இடைவெளி விடுங்க"ன்னு ஒரு வரி சேருங்க.

ஆர்டர்னா, வெளிவந்த வரிசைதான் என் ஓட்டு. சி.எஸ். லூயிஸ் எழுதின நார்னியா சீரிஸ்ல சண்டையே இதுக்குத்தான், 1950-ல முதல்ல வந்தது பசங்க அலமாரி வழியா மாய உலகத்துக்குப் போற கதை, அந்த உலகம் எப்படி உருவாச்சுன்னு சொல்ற புக் 1955-ல ஆறாவதா வந்துச்சு, பின்னாடி வந்த செட்டுல அதை ஒண்ணாம் நம்பரா போட்டுட்டாங்க. அலமாரிக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பம் ஏன் நிக்குதுன்னு தெரியாம முழிக்கறதுதான் சுகமே, பதிலை முதல்ல படிச்சிட்டா அது போயிடும்.

தமிழ் டப்பிங்ல பாத்துட்டு / மொழிபெயர்ப்புல படிச்சிட்டு ரிவ்யூ எழுதினா தப்பா

தப்பே இல்ல, டப்பிங்ல பாத்தேன்னு சொல்லிட்டு எழுதுங்க. அதைப் படிக்கறவங்க வீட்லயும் டப்பிங்லதான் பாக்கப் போறாங்க, அவங்களுக்கு உங்க ரிவ்யூதான் சரி. ஜோக் வேலை செய்யுதா, குட்டி கேரக்டருக்கு பெரிய ஆள் குரல் ஒட்டுதா, பாட்டை மாத்தினாங்களா அப்படியே விட்டாங்களான்னு எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, வசனம் மொக்கைன்னு சொல்றதுக்கு முன்னாடி மூலத்துல அந்த சீனை ஒரு தடவ பாத்துடுங்க. பழி டைரக்டருக்குப் போகணுமா டப்பிங் எழுதினவருக்குப் போகணுமான்னு தெரியாம எழுதக் கூடாது.

எனக்கு செம போர், என் பையன் விழுந்து விழுந்து சிரிக்கறான். யாரு சொல்றதை எழுதறது?

ரெண்டையும். ஆனா யாரோட கருத்து எதுன்னு பிரிச்சு. "எனக்கு கொட்டாவி வந்துச்சு, எட்டு வயசுக்காரன் எந்த இடத்துல சிரிச்சான் தெரியுமா"ன்னு எழுதினா ரெண்டு பேரையும் நம்பலாம். பையனுக்குப் பிடிச்சதாலயே நல்ல படம்னும் ஆகாது, உங்களுக்குப் பிடிக்காததாலயே மோசம்னும் ஆகாது, மேல முதல் கேள்வில சொன்ன மாதிரி ரெண்டு பேருக்கும் காரணம் வேற.

பசங்க சொல்றதை இளக்காரமா நினைக்காதீங்க. டோல்கீனோட 'தி ஹாபிட்' 1937-ல வெளிவந்ததுல ஒரு பத்து வயசுப் பையனுக்குப் பங்கு உண்டு. பப்ளிஷர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியை தன் மகன் ரெய்னர்கிட்ட கொடுத்து, படிச்சு ரிப்போர்ட் எழுதுடான்னு ஒரு ஷில்லிங் கொடுத்தாரு. அவன் கதையைச் சுருக்கமா எழுதி, நல்லாருக்கு, 5-லேர்ந்து 9 வயசு வரைக்கும் எல்லாருக்கும் பிடிக்கும்னு போட்டான். தனக்கு பத்து வயசு, அதனால தன்னை விடச் சின்னப் பசங்களுக்குன்னு எழுதிட்டான் பாருங்க, அந்த கெத்து எல்லாப் பசங்ககிட்டயும் இருக்கும். உங்க பையன் "இது குட்டிப் பசங்க படம்"னு சொன்னா அதை அப்படியே எழுதிடாதீங்க, அதைச் சொல்லிட்டு எத்தனை தடவ திரும்பப் போடச் சொன்னான்னு எண்ணுங்க.

பப்ளிஷர் ஓசில புக் அனுப்பறாங்க. வாங்கலாமா? வாங்கினா நல்லா எழுதணுமா

வாங்கலாம், நல்லா எழுத வேணாம், வாங்கினதை மறைக்க வேணாம். அமெரிக்காவுல 2009-லயே ஓசில வாங்கி எழுதறவங்க அதை வெளிப்படையா சொல்லணும்னு வழிகாட்டுதல் கொண்டு வந்துட்டாங்க, ஆனா சட்டத்துக்காக இல்ல, படிக்கறவங்க பிள்ளைக்காக காசு போட்டு வாங்கறாங்க, அவங்ககிட்ட சொல்றது மரியாதை. முதல் வரியில, கடைசி வரியில இல்ல. எனக்கு ஒரு தடவ புக்கோட ஒரு சீட்டும் வந்துச்சு, நாலு ஸ்டாருக்கு கீழன்னா போடாம எங்களுக்குத் தனியா சொல்லுங்கன்னு. புக்கைத் திருப்பி அனுப்பினேன், கூரியர் காசு என் தண்டம்.

நான் சின்ன வயசுல உயிரா நேசிச்ச புக், இப்ப பாத்தா அதுல சங்கடமான விஷயம் இருக்கு. எழுதறதா விடறதா

எழுதுங்க, புக்கையும் நேசிங்க. ரோல்ட் டால் 1964-ல எழுதின சாக்லேட் ஃபேக்டரி கதையில, ஃபேக்டரில வேலை செய்யற குள்ள மனுஷங்களை ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டு வந்ததா எழுதி இருந்தாரு, கடுமையா விமர்சனம் வந்தப்புறம் அவரே 1973 பதிப்புல அதை மாத்தினாரு. எழுதினவரே திரும்பிப் பாத்திருக்காரு, நாம பாத்தா என்ன குறைஞ்சிடும். அது எந்த இடம், எவ்வளவு பெருசு, பிள்ளை கேட்டா என்ன பேசலாம்னு ரெண்டு வரி. எந்தப் பதிப்பை வெச்சு எழுதறீங்கன்னு சொல்ல மறந்துடாதீங்க, ரெண்டு பேர் ரெண்டு பதிப்பைக் கையில வெச்சுக்கிட்டு சண்டை போட்டதைப் பாத்திருக்கேன்.

எழுதினப்புறம் மனசு மாறிட்டா? பழைய ரிவ்யூவை அழிச்சிடலாமா?

அழிக்காதீங்க, அதை நம்பி யாரோ ஏற்கனவே படம் போட்டிருப்பாங்க. கீழ தேதி போட்டு என்ன மாறுச்சுன்னு எழுதுங்க, பழைய ஸ்டார் அப்படியே இருக்கட்டும். மேல சொன்ன அந்த கார்ட்டூன் படத்துக்கு நான் கொடுத்த நாலரை ஸ்டார் இன்னும் அங்கதான் இருக்கு, நல்ல படம்தான் அது. கீழ மட்டும் புதுசா ஒரு வரி: "ஐம்பத்தி ரெண்டாவது நிமிஷம், கூட்டத்துல அம்மா கை நழுவும், திரும்பக் கிடைக்க நாலு நிமிஷம் ஆகும், அது வரைக்கும் பக்கத்துலயே உக்காருங்க." அக்கா பையன் இப்ப பெரியவனாயிட்டான், அந்த வரியைப் படிச்சிட்டு நாலு நிமிஷம் இல்ல ஆறுன்னு என்னைத் திருத்தினான். போட்டுப் பாத்தேன், நாலுதான்.